காற்றுக்கும் கடிதம் வேணும்

ஒன்றரை மாதம் போச்சு. காற்றில் இருந்து விழுகிற பங்கசைப் பிடிக்க அகார் (பங்கசு வளர்க்கிற களி) ஊற்றின தட்டு வைக்கிற வேலை ஒரு மணித்தியாலம்தான். மிச்சமெல்லாம் கடிதத்துக்கு அலைந்தது.

மலையக வைத்தியசாலை ஒன்றின் வார்ட்டுக் காற்றில் மருந்துக்கு அடங்காத அஸ்பெர்ஜிலஸ் ஃபியூமிகாட்டஸ் பங்கசு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற ஹெக்சகொனசோலும், நுரையீரலில் பங்கசு பிடித்தவருக்குக் கொடுக்கிற வொரிகொனசோலும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகினது மற்றதுக்கும் மசியாமல் போகலாம். அப்பா முதுகில் டாங்கி சுமந்து மருந்தடித்தவர், அதனால் எனக்கு இது வெறும் தீசிஸ் இல்லை.

எதிக்ஸ் கடிதத்தோடு, அதாவது ஆய்வு நெறிமுறைக் குழு தந்த அனுமதியோடு, வைத்தியசாலைக்குப் போனேன். கிளார்க் ஐயா வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். "சுற்றாடல் மாதிரின்னுதான் இருக்கு மகள். காத்துன்னு எங்க இருக்கு?" சுற்றாடலில் காற்றும் அடங்கும்தானே என்றேன். "அப்ப அதை எழுதி வாங்கிட்டு வாங்க." ஹட்டனில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த பயணம் அதோடு சரி. அடுத்த கிழமை 'காற்று' இருந்தது, பணிப்பாளர் லீவு. மூன்றாம் தடவை, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி மிஸ்ஸுக்குப் பிரதி இல்லையாம். நேரே அவரிடமே போனேன். ஒரு போன், பத்து நிமிஷத்தில் கையெழுத்து! யாராவது இந்த வேலைக்குப் போனால் முதலில் அவரைப் பாருங்கள்.

தட்டு வைக்கிற கணக்கு இதுதான்: தரையில் இருந்து 1 மீட்டர், சுவரில் இருந்து 1 மீட்டர், 1 மணித்தியாலம். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் மூடிக் கிடக்கிறது. கூட்டுகிற அம்மா சிரித்தார்: "தூசி விழுதேன்னு நான்தான் மூடி வச்சேன் புள்ள." தூசி விழத்தானே வைத்தேன்! அவரிடம் முதலில் சொல்லாதது என் பிழை.

இரண்டாம் சுற்றை 37 பாகையில் வைத்தேன். ரைசோபஸ் என்ற வேறொரு பங்கசு பஞ்சு மாதிரி மூடி வரை ஏறி எல்லாத்தையும் விழுங்கிவிட்டது. அடுத்தது 48 பாகை. நமக்கு வேண்டியது அந்தச் சூட்டையும் தாங்கும். வெள்ளை விளிம்போடு புகைப்பச்சைத் தூள் வட்டங்கள் தனித்தனியாக வந்தன.

அவற்றை மருந்துக்கு அடங்குதா என்று பார்க்க நாலு குழித் தட்டில் போட்டேன்: மூன்றில் மருந்து, ஒன்று வெறும் அகார். வெறும் குழியில் வளராவிட்டால் மற்றதைப் பார்த்துப் பிரயோசனமில்லை. ஒரு மாதிரி மட்டும் அதே குடும்பத்து மருந்தான இட்ராகொனசோல் குழியிலும் மெல்லிசாக முளைத்திருக்கிறது. இதை வைத்து எதிர்ப்பு என்று எழுத முடியாது, எம்.ஐ.சி. (வளர்ச்சியை நிறுத்துகிற மிகக் குறைந்த மருந்தளவு) பார்க்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அதுக்கும் கடிதம் கேட்கிறார்கள். இந்தத் தடவை நாலு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.