இடது கண்ணும் ஆம்பளை சைக்கிளும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

கொடியில் காய்ந்த மகனின் வேட்டியை வைத்து இன்றும் பார்த்தேன். இடது கண்ணைப் பொத்தினால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வலது கண்ணைப் பொத்தினால் அதே வேட்டி மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. நவம்பரில் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து தினமும் இதே வேலை. "அத்தை, அது அதே வேட்டிதான்" என்கிறாள் மருமகள். தெரியும். ஆனாலும் அழுக்குப் போகவில்லை என்று எத்தனை வருடம் சோப்பை மாற்றி மாற்றி வாங்கினேன்! வேட்டியில் ஒரு குறையும் இல்லை. வானமும் அப்படித்தான். இவ்வளவு நீலம் தினமும் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

ஒரு கண்ணில் தெளிவு, இன்னொன்றில் புகை என்பதால் தூரம் மட்டும் பிடிபடுவதில்லை. காபி ஆற்றினால் டம்ளருக்கு வெளியே விழுகிறது. படி இருக்கும் என்று கால் வைத்தால் அது இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது. சைக்கிள் சாய்ப்பில் சும்மா நிற்பது இதனால்தான். வயசானதால் இல்லை. இதை எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 8

பின் டயரில் காற்று இறங்கிவிட்டது.

ஜனவரி 14, பொங்கல்

கோலத்துக்குப் பேத்தி புள்ளி வைத்தாள், நான் இழுத்தேன். நான் வைத்தால் புள்ளி வரிசை ஓடிவிடுகிறது. கோடு மட்டும் கைக்குத் தானாக வருகிறது. பானை பொங்கும்போது தெருவிலேயே என் குரல்தான் உரக்கக் கேட்டதாம், எதிர்வீட்டுப் பையன் சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் அம்மா நினைப்பு வந்துவிட்டது. எண்பதுகளில் பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். கெட்டிக் கண்ணாடி ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள். அதில் எதைப் பார்த்தாலும் பெரிதாகத் தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. சோற்றுத் தட்டை நீட்டினால் அம்மாவின் கை அதை எட்டாமல் முன்னாலேயே காற்றில் துழாவும். ஒருநாள் அந்தக் கண்ணாடி உடைந்தது. வேறு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. "வயசாகிப்போச்சு, இனி என்னத்தைப் பார்க்கப் போகுது" என்றார்கள். பக்கத்தில் இருந்த நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு அப்போது 57 வயதுதான்.

61 வயதில் போய்விட்டாள். எனக்கு இப்போது 67. இந்த ஆறு பொங்கலும் அம்மாவுக்குக் கிடைக்காதவை. ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

திருப்பூர் அக்கா போன் செய்தாள். மகன் வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி நான்கு மாதம் ஆகிறதாம், முட்டி விடவில்லை. எப்போதும் கேட்பதையே கேட்டாள்: "மணி அடிக்குதாடி?" போனைச் சாய்ப்புக்கு எடுத்துப்போய் அடித்துக் காட்டினேன். "கரகரங்குது, எண்ணெய் விடு" என்றாள். திறந்து பார்த்தேன். உள்ளே துரு.

அக்கா எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவள். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்பில் எழுத்தை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சைக்கிளை இரண்டு பேரும் சேர்ந்து கற்றோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிக்கூட மைதானத்தில். லேடீஸ் சைக்கிளுக்கு அப்போது மாவட்டம் முழுக்கத் தட்டுப்பாடு. கிடைத்தது ஆம்பளை சைக்கிள்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டோம். பின்னால் லேடீஸ் சைக்கிள் வந்தபோது அது எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆம்பளை சைக்கிள் என்றால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டலாம்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்குப் பதினேழு வயது இருக்கும். கேரியரைப் பிடித்தபடி மைதானம் முழுக்கப் பின்னாலேயே ஓடி வரும். அதற்கே சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. "எனக்கு ஓடத் தெரியும்க்கா, அது போதும்ல" என்றது. பிறகு அதை சீட்டில் ஏற்றிப் பின்னால் நான் ஓடினேன். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனதோ. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ஜனவரி 23

மகன் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டான். என்னைக் கேட்கவில்லை. நான் கொல்லையில் இருந்தேன், சத்தம் கேட்டு வந்து பார்த்தால் அந்த ஆள் சைக்கிளைப் படுக்கப் போட்டு எடை பார்த்துக்கொண்டிருக்கிறார். "வண்டியை நிமிர்த்தி வைங்கய்யா" என்றேன். நிமிர்த்திவிட்டுப் போய்விட்டார், பாவம், அவர் என்ன செய்வார்.

"விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சா என்னம்மா பண்றது? வயசுக்கேத்த மாதிரி இரும்மா" என்கிறான். பயம் நியாயம்தான். மேலத்தெரு ஆத்தா குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் வயசுக்கேத்த மாதிரி என்றால் எப்படி? யார் அளந்து வைத்தது அதை? அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா பெண்களுக்கு சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். அந்தக் கடனை அங்கன்வாடிச் சம்பளத்தில் மாதாமாதம் கட்டி முடித்தவள் நான். இவனுக்குக் காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கிப்போட்ட ராத்திரியில், துண்டால் என் வயிற்றோடு கட்டிக்கொண்டு கீரனூர் வரைக்கும் மிதித்தேன். வழியெல்லாம் இருட்டு. மணியை அடித்துக்கொண்டே போனேன், எனக்கே துணையாக இருக்கட்டும் என்று.

அந்த வண்டியை எடைக்குப் போடுகிறானாம்.

பாலத்துத் திருப்பம் பற்றி அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் பேசுவான்.

ஜனவரி 24

இன்றும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டான்.

பிப்ரவரி 3

ரத்தத்தில் சர்க்கரை கூடி நிற்கிறதாம். இறங்கினால்தான் இடது கண்ணைத் தொடுவார்களாம். மறுநாள் ஆபரேஷன் என்று பையெல்லாம் கட்டி வைத்திருந்தேன். பொங்கலுக்குச் செய்த அச்சுவெல்லப் பொங்கல் என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இரண்டு கிண்ணம்.

பிப்ரவரி 6

விடியற்காலையில் ஊருணியைச் சுற்றி நான்கு சுற்று. தண்ணீர்மேல் பனி வெள்ளையாக நிற்கிறது. இது வலது கண்ணின் தயவு, போன வருடம் இது தெரிந்திருக்காது. நடந்துகொண்டே நான் சைக்கிள் சொல்லிக் கொடுத்தவர்களை எண்ணினேன். நாற்பத்தொரு பேர். பெயரோடு சொல்வேன். மூன்று பேர் இப்போது இல்லை. ஒருத்தி இறங்கத் தெரியாமலே மாதக்கணக்கில் ஓட்டினாள். நிறுத்த வேண்டுமென்றால் வைக்கோல் போரைப் பார்த்து விடுவாள்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

சர்க்கரை இறங்கிவிட்டது. முருகா!

பிப்ரவரி 18, செவ்வாய், மதுரை

ராத்திரி ஒன்பது மணி. நாளைக் காலை ஆபரேஷன். முதல் முறை என்ன செய்வார்கள் என்று தெரியாமல் போனேன், அதனால் பயம் இல்லை. இப்போது எல்லாம் தெரியும், அதனால் கை சில்லிட்டிருக்கிறது. அடுத்த கட்டிலில் உசிலம்பட்டிக்கார அம்மா. "வலிக்குமா தாயி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வலிக்காது என்று அவருக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் பாதி பயம் போயிற்று.

இந்த ஊரில்தான் டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களில் கத்தியைப் பிடிக்கப் பழகி, எத்தனையோ ஆயிரம் கண்களுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார். 58 வயது! கிட்டத்தட்ட என் அம்மாவை மூலையில் உட்கார வைத்த வயது.

அதைவிட என்னைத் தூங்கவிடாத சங்கதி இன்னொன்று. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைக்கு எட்டாத விலை. அதை மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியது 1992இல். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்பிள்ளைகள். 1992! நானும் அக்காவும் மைதானத்தில் விழுந்து எழுந்துகொண்டிருந்த அதே வருடம், இங்கே எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் கண்ணாடிச் சில்லைவிடச் சின்னதான ஒன்றைச் செய்யக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சில வருடம் பிந்திவிட்டது.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 20

கட்டைப் பிரித்தார்கள். சிஸ்டரின் காதுத் தோட்டில் ஏழு கல். எண்ணிச் சொன்னேன். சிரித்துவிட்டது அந்தப் பிள்ளை.

பிப்ரவரி 22

வேட்டி இரண்டு கண்ணுக்கும் வெள்ளை.

மார்ச் 2

குனியாதே. தூக்காதே. தலைக்கு ஊற்றாதே. கண்ணைத் தேய்க்காதே. அடுப்படிப் புகையில் நிற்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. அதைப் பேத்திதான் கணக்காக ஊற்றுகிறாள், "அப்பத்தா, மேலே பாருங்க" என்று தாடையைப் பிடித்துத் தூக்குகிறாள். பிளஸ் ஒன் பாடங்களுக்கு நடுவே இதற்கு அலாரம் வைத்திருக்கிறாள்.

சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து இன்று அழுகை வந்துவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை. மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என்னையறியாமல் சொல்லிவிட்டேன். ஐப்பசியில், பாலத்துத் திருப்பத்தில் வேகத்தடை இருக்கிற இடம் பிடிபடாமல் விழுந்தேன். முழங்கை பெயர்ந்து ரத்தம். வீட்டுக்கு வந்து முழங்கை மறையும் ரவிக்கையாகத் தேடிப் போட்டுக்கொண்டேன், ஆறும் வரை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றான். "டீக்கடை அண்ணன் சாயங்காலமே போன் பண்ணிட்டார். நீயாச் சொல்வேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான்கு மாதம். இரும்புக்காரரை ஏன் கூப்பிட்டான் என்று இப்போது புரிகிறது. பயந்து கிடந்திருக்கிறான் என் பிள்ளை.

மார்ச் 8, சனி

1992இல் மகளிர் தினமான இதே தேதியில் புதுக்கோட்டைத் தெருவில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் போனோம். ஹேண்டில்பாரில் கொடி. எல்லா மணியும் ஒரே நேரத்தில். கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். அக்கா எனக்கு முன்னால் போனாள், கல் உடைத்துக் காய்த்துப்போன கையால் விடாமல் மணியடித்துக்கொண்டு. அந்த ஆகஸ்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். அதைப் பேப்பரில் எழுத்துக் கூட்டி எனக்குப் படித்துக் காட்டியவளும் அவள்தான்.

இன்று மணிக்கு எண்ணெய் விட்டு, போனில் அடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அக்கா?" என்றேன். "இன்னொரு தரம் அடி" என்றாள். ஆறு தரம் அடித்தேன்.

மார்ச் 12

பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் மருமகள் கேட்டாள்: "அத்தை, எனக்கு சைக்கிள் வருமா?"

பதினெட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறாள். அவளை ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஊரில் நாற்பத்தொரு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள், அடுப்படியில் என் கூட நிற்பவளை விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

அதே மைதானம். வண்டி பேத்தியுடையது, பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. நான் ஓடக் கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு மேடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். பேத்தி கேரியரைப் பிடித்து ஓடினாள்.

"சக்கரத்தைப் பார்க்காதேம்மா, வேப்பமரத்தைப் பாரு" என்று கத்தினேன். எல்லாரும் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். வண்டி பார்வை போகிற பக்கம் போகும். மூன்று தரம் சாய்ந்தாள். நான்காவது தரம் உதட்டைக் கடித்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தாள். பத்து மிதி, பன்னிரண்டு, பதினைந்து. இந்தக் கண்ணுக்கு அத்தனை தூரத்திலும் தெரிந்தது: நெற்றியில் ஒட்டிய முடி, வியர்வையில் கரைந்த குங்குமம், விரல் வெளுக்க ஹேண்டிலைப் பிடித்திருந்த பிடி. மரத்தில் போய் மோதி நின்றாள். இறங்கவில்லை. அங்கிருந்தே "அத்தே!" என்று ஒரு கூப்பாடு.

மகன் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நின்றிருந்தான். எப்போது வந்தானோ.

மார்ச் 18

மருமகளுக்குத் தொடையெல்லாம் வலி. நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். "நாளைக்குமா அத்தை?" என்றாள். நாளைக்கும்.

மார்ச் 20

சொட்டு மருந்து போதும் என்றுவிட்டார்கள். இனி குனியலாம். தலைக்கு ஊற்றிக்கொண்டேன், ஒரு மாதத்துக்கு அப்புறம் சீயக்காய் மணம். பங்குனித் தேருக்கு நார்த்தாமலைக்குச் சைக்கிளில் போகிறேன் என்றதற்கு மகன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாலத்துக்கிட்ட இறங்கித் தள்ளிக்கிட்டுப் போம்மா" என்றான். சரி என்றேன்.

பின் டயருக்கு டியூப் மாற்ற வேண்டும். பஞ்சர் கடைத் தம்பி காலையில் வருகிறான்.