நத்தார் காசு

ஊரில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அப்பா ஒரு கொப்பியோடு வாசலில் இருப்பார். யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். என் பெயரில் வந்த காசை நான் கண்ணாலும் கண்டதில்லை. அது எனக்குக் குறையாகவும் தெரிந்ததில்லை.

டென்மார்க்கில் வைலே நகரத்துக்கு வந்து இது எங்களுக்கு மூன்றாவது நத்தார். 24ஆம் திகதி இரவு மாமா வீட்டில். மாமா 1986இல் அகதியாக வந்தவர். அவருடைய மருமகள் டேனிஷ்காரி. அதனால் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடுவது, முழு பாதாம் பருப்பு ஒன்றை ஒளித்து வைத்த சோற்று இனிப்பு என்று எல்லாம் முறையாக நடக்கும். (எங்கள் புக்கையை ஆறவிட்டு, கிறீம் கலந்து, மேலே செர்ரிப் பாணி ஊற்றியது மாதிரி இருக்கும். இரண்டாவது வருடம்தான் பிடித்தது.) பிள்ளைகள் இருவருக்கும் மாமா ஆளுக்கு 500 குரோனர் கொடுத்தார். சித்தி 200, பக்கத்து வீட்டு மூதாட்டி 100.

"வங்கியில் போடுவோம்" என்று கடித உறைகளுக்குக் கை நீட்டினேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன். பிள்ளைக்குக் கொடுத்தது பிள்ளையின் காசு. இங்கே அதில் பேச்சே இல்லை.

25, 26 இரண்டு நாளும் கடை பூட்டு. அந்த இரண்டு நாளும் வீட்டில் லெகோப் பொருத்துக்கட்டைப் பேச்சுத்தான். 11 வயது மூத்தவன் கேட்ட பெட்டி 899 குரோனர். லெகோ பிறந்த பில்லுண்ட் எங்களிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டம். 1932இல் ஓலெ கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்யத் தொடங்கிய ஊர் அது. பக்கத்து ஊர்ச் சாமான் என்று ஒரு குரோனராவது குறையுமா? குறையாது. இங்கே அநேகமாக எல்லாவற்றுக்கும் போல அதன் விலைக்குள்ளும் 25 வீத வரி இருக்கிறது.

சரி, புத்தி சொல்லிப் பார்ப்போம் என்று எங்கோ வாசித்ததை எடுத்துவிட்டேன்: "எட்டுக் குமிழ் வைத்த கட்டை ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் போதும், 91 கோடிக்கு மேற்பட்ட விதமாகப் பொருத்தலாமாம். பிறகு என்னத்துக்கு 899?"

"அப்ப நீங்கள் அந்த ஆறையும் வாங்கி விளையாடுங்கோ அப்பா."

27ஆம் திகதி காலை கடையில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் வந்த பரிசை மாற்ற நின்றார்கள். பரிசிலேயே மாற்றுவதற்கான துண்டை ஒட்டிக் கொடுப்பது இங்கே வழக்கம். முதல் வருடம் அதைப் பார்த்து, 'பிடிக்காது என்று தெரிந்தே வாங்கினார்களா' என்று மனைவி குழம்பினாள். இப்போது அவளும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

மூத்தவனிடம் 800தான். 99 குறைந்தது. நான் வேண்டுமென்றே சட்டைப் பைக்குள் கை விடவில்லை. எட்டு வயதுக்காரி 400 குரோனரில் குதிரை லாயம் ஒன்றை எடுத்து முடித்திருந்தாள். அண்ணன் அவளை அலுமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய் ஏதோ பேசினான். திரும்பி வரும்போது பெட்டி அவன் கையில்.

வீட்டுக்கு வந்து, மாமா பரணிலிருந்து இறக்கித் தந்திருந்த 90களின் கட்டைகளையும் பக்கத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வெள்ளைக் கட்டைகள் மஞ்சளித்துப் போயிருந்தன, ஆனால் புதியதில் 'டிக்' என்று பொருந்தின. 1958இலிருந்து குமிழின் அளவு மாறவில்லையாம். இரவு பதினொரு மணிவரை நானும் தரையில் இருந்து நிறம் பிரித்துக் கொடுத்தேன். 899 அப்போது அவ்வளவாக உறுத்தவில்லை.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் டேனிஷில் ஒரு ஒப்பந்தம் ஒட்டியிருந்தது. மார்ச்சில் அண்ணனின் பிறந்தநாள். அன்று 110 குரோனராகத் திருப்புவது. கீழே இரண்டு கையெழுத்து.

"அப்பா, கூடத் தாறதுக்குத் தமிழில் என்ன?"

"வட்டி" என்றேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'அண்ணா 99. வடி 11.'

எழுத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.