கிராஃபீன் துணி: சாயப்பட்டறைக் கண்ணோடு பார்த்தால்

வேட் சாயம் (இண்டிகோ வகை) போட்டவர்களுக்கு ஹைட்ரோஸை, அதாவது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. தண்ணீரில் கரையாத சாயத்தை அதனால் ஒடுக்கி (ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினை) கரையவைத்து நூலுக்குள் அனுப்புகிறோம். காற்றுப் பட்டதும் அது பழைய நிலைக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிடுகிறது. பருத்தியை மின்கடத்தியாக்கும் கிராஃபீன் பூச்சு இதன் தலைகீழ் வேலை. ஓர் அணு தடிப்புள்ள கார்பன் தகடான கிராஃபீன் தண்ணீரில் கலந்து நிற்காது, அதன் ஆக்சைடு நிற்கும். ஆக்சைடாக உள்ளே அனுப்பி, துணியில் உட்கார்ந்த பிறகு ஒடுக்குகிறோம். இப்படிப் பார்க்கப் பழகினால், தவறுகளில் பாதி ஏன் நடக்கிறது என்பது தானாகவே புரியும்.

முதலில் துணி. கடைத் துணியில் கஞ்சியும் சாஃப்ட்னரும் இருக்கும், காடாவில் மெழுகு இருக்கும். லிட்டருக்கு 10 கிராம் வாஷிங் சோடா, 2 கிராம் வெட்டிங் ஏஜென்ட் (துணியைச் சீக்கிரம் நனையவைப்பது) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் திரும்பவும் கொதிக்கவைக்க வேண்டியதுதான். கஞ்சி கெட்டியாக இருந்தால் அதற்கு முன்பே என்சைம் போட்டு எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர், பலரும் கோட்டைவிடும் இடம். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கிராஃபீன் ஆக்சைடு கரைசலை எடுத்து, அதில் உப்பான போர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேன் நிறத்தில் ஒரே சீராக இருந்தது சற்று நேரத்தில் திரிதிரியாகப் பிரிந்து அடியில் இறங்கும். தகடுகளின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தச் சுமையைத் தணித்து அவற்றை ஒட்டவைத்துவிடுகின்றன. கடைசி அலசலிலிருந்தே டிஸ்டில்டு வாட்டர்தான்.

கிராஃபீன் ஆக்சைடு பெரும்பாலும் 1958-இல் வெளியான ஹம்மர்ஸ் முறையிலோ அதன் திருத்தங்களிலோதான் தயாராகிறது. அடர் சல்ஃப்யூரிக் அமிலமும் பெர்மாங்கனேட்டும் அதில் உண்டு. சரியாகக் கழுவாத சரக்கில் அமிலம் மிச்சம் இருக்கும். துணி காயும்போது அது செறிந்து பருத்தியை அரித்துவிடும், இழுத்தால் காகிதம்போலக் கிழியும். வாங்கும்போதே பிஎச் பாருங்கள்.

ஏ4 அளவில் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) பருத்தித் துணி ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் உள்ள கரைசலில் முக்கி, 80 சதவீதம் ஈரம் நிற்கும்படி ரோலரில் பிழிந்தால், ஒரு முக்கலுக்கு 8 மில்லி, அதாவது 32 மில்லிகிராம் ஏறும். 6 முறை முக்கினால் துணி எடையில் 2 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் முக்குவதில் பெரிய லாபம் இல்லை. தடிப்பு ஏறும், துணி விறைக்கும், மடித்தால் உதிரும். தகடுகள் பிரியட்டும் என்று சோனிகேட்டரில் (மீயொலியால் அதிரவைக்கும் கருவி) மணிக்கணக்கில் வைப்பதும் தப்பு. தகடு உடைந்து சிறிதானால் மின்சாரம் தாண்டவேண்டிய இணைப்புகள் கூடும், தடையும் கூடும்.

ஒவ்வொரு முக்கலுக்குப் பிறகும் 70 டிகிரியில், வலைமேல் படுக்கவைத்து, பாதியில் திருப்பிப்போட்டுக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கரைசல் கீழே இறங்கி, அடி ஓரம் கறுத்து மேல் ஓரம் வெளிறிவிடும்.

இதுவரை மல்டிமீட்டர் எதுவும் காட்டாது. ஆக்சைடு மின்கடத்தாது. ஒடுக்கத்துக்கு இரண்டு வழி சொல்வேன். லிட்டருக்கு 10 கிராம் ஹைட்ரோஸ், 90 டிகிரி, 30 நிமிடம், மூடி போட்ட பாத்திரம். ஹைட்ரோஸ் காற்றில் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே தண்ணீர் சூடான பிறகு போடுங்கள், காரத்தன்மை குறையவிடாதீர்கள். குறைந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு கிளம்பும், எக்ஸாஸ்ட் ஓடட்டும். மற்றது வைட்டமின் சி: லிட்டருக்கு 18 கிராம், 90 டிகிரி, ஒரு மணி நேரம். அமிலமாகவே விட்டால் அந்தச் சூட்டில் பருத்தி பலம் இழக்கும். அம்மோனியா விட்டு பிஎச்சை 9-க்கு மேல் கொண்டுவாருங்கள். அம்மோனியா ஆவியாகிப் போகும், பாதியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரசீன் பக்கமே போகவேண்டாம், அது நஞ்சு. ஓவனில் 200 டிகிரிக்கு மேல் ஏற்றி ஒடுக்குவதும் பருத்திக்கு ஒத்துவராது.

பழுப்பு கறுப்பாக வேண்டும். மடிப்புகளில் பழுப்பு மிஞ்சினால் மருந்து அங்கே போகவில்லை. தண்ணீரே கறுத்தால் தகடு துணியைப் பிடிக்கவில்லை. அதற்கு, ஆக்சைடில் முக்கும் முன்பே 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 0.5 சதவீத கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) கரைத்து, துணியை முக்கிக் காயவைத்து, லேசாக அலசிவிட வேண்டும். பருத்தியும் தண்ணீரில் எதிர்மின்சுமை காட்டும். நேர்மின்சுமையுள்ள கைட்டோசான் நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும். அலசாமல் விட்டால் மிச்ச கைட்டோசான் அடுத்து முக்கும் ஆக்சைடு கரைசலையே திரிக்கும்.

இணைப்பில்தான் நல்ல துணியும் தோற்கிறது. சால்டர் ஒட்டாது. வெள்ளி பூசிய நைலான் நூலால் ஓரத்தில் இரண்டு மூன்று வரிசை ஜிக்ஜாக் தையல் போடுங்கள். பூச்சைப் பிடித்துவைக்க பியூ (பாலியூரித்தேன்) பைண்டர் அடிப்பதாக இருந்தால் இந்தத் தையலுக்குப் பிறகுதான். முன்பே அடித்தால் அந்தப் படலமே மின்சாரத்தை மறித்துவிடும். தையல் தளர்வாக இருந்தால் அந்தக் கோடு மட்டும் சூடேறிக் கருகும்.

சூடேற்றும் பட்டைக்கு ஒரு கணக்கு. சதுரத்துக்கு 400 ஓம் (எந்த அளவுச் சதுரமானாலும் எதிரெதிர் ஓரங்களுக்கு இடையே இதே தடை) உள்ள 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டில் 5 வோல்ட் கொடுத்தால் 0.06 வாட்தான், கைக்குத் தெரியாது. 12 வோல்ட்டில் 0.36 வாட், இளஞ்சூடு. வோல்ட்டேஜை மேலும் ஏற்றுவதற்குப் பதிலாக வெள்ளித் தையல்களை 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மாறிமாறி பிளஸ், மைனஸாகப் போடுங்கள். இடைவெளி பாதியானால் அதே பரப்பில் சூடு நான்கு மடங்காகும்.