கவரிலிருந்து கவருக்கு: ஒரு பட்ஜெட் திரையின் நாட்குறிப்பு

3 ஜூன் 2025

எங்கள் செலவுக்கணக்குச் செயலியின் பட்ஜெட் பகுதியைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பு இன்று என்னிடம் வந்தது. பழைய திரையின் கோளாறைப் புரிந்துகொள்ள என் வீட்டுக் கணக்கே போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. செயலியோ மாதத்துக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, பில் வராத மாதத்தில் மிச்சமான தொகையை மறந்துவிட்டு, 2,400 கட்டிய மாதத்தில் சிவப்பு எழுத்தில் "வரம்பை மீறிவிட்டீர்கள்" என்கிறது. கணக்காகச் செலவழித்தவனை ஆண்டுக்கு ஆறு முறை குற்றவாளியாக்கும் திரையை யார் தொடர்ந்து திறப்பார்கள்?

5 ஜூன்

பயனர்களை நேரில் சந்திக்கும் வேலை இன்று தொடங்கியது. தாம்பரம் பக்கத்தில் தையல் கடை நடத்தும் ஓர் அம்மா, பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்கள் ஐந்தை எடுத்து மேசையில் பரப்பினார். வாடகை, பால், கேஸ், ஃபீஸ், சீட்டு என்று ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. ஃபீஸ் கவருக்குள் பணத்தோடு, ரவிக்கை அளவு குறிக்கும் தாளின் கிழிசல் ஒன்றும் இருந்தது. அதில் "கேஸுக்கு 300" என்று எழுதியிருந்தார். சிலிண்டர் வந்த அன்று கேஸ் கவரில் பணம் குறைந்ததால் இதிலிருந்து எடுத்தாராம். பணம் வந்து திருப்பி வைத்த பிறகே அந்தத் தாளைக் கிழித்துப் போடுவாராம். "இந்தத் தாளை வைக்கலைன்னா, எடுத்தது எடுத்ததாவே போயிடும், தம்பி" என்றார்.

நெகிழ்வான பட்ஜெட் என்றால் தொகையைத் திருத்தும் வசதி என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறக்காமல் வைத்திருக்கும் அந்தத் துண்டுத்தாள் எங்கள் திரையில் எங்குமே இல்லை.

6 ஜூன்

வருமானத்தில் 50 சதவீதம் தேவைகளுக்கு, 30 விருப்பங்களுக்கு, 20 சேமிப்புக்கு என்று அமெரிக்கரான எலிசபெத் வாரனும் அவருடைய மகளும் 2005இல் வெளியான தங்கள் நூலில் பரப்பிய 50-30-20 பங்கீட்டையே தொடக்க வார்ப்பாக வைக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். மாதச் சம்பளக்காரருக்கு அது பொருந்தலாம். ஆனால் ஆடியில் கை காய்ந்து, தீபாவளிக்கு முன் இரவெல்லாம் தைப்பவருக்கு எந்த மாத வருமானத்தில் 50 சதவீதம்? ஆகவே, கைக்கு வந்த பணத்தை வந்த அன்றே பிரித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம்.

11 ஜூன்

என் ஏப்ரல்-மே மின்கட்டணம் 3,860 வந்திருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும் முந்தைய யூனிட்டுகளுக்கான விகிதமும் மாறிவிடுகிறது என்பதால், பழைய பில்களின் சராசரியை வைத்து அடுத்த பில்லை ஊகிக்கும் யோசனையைக் கைவிட்டேன். ஒதுக்கிய 2,400 போகத் துண்டுவிழும் 1,460 ரூபாயை என்ன செய்வது என்பதில் பிற்பகல் முழுவதும் வாதம் நடந்தது. அதே வகையின் அடுத்த மாதக் கணக்கில் கழிக்கலாம் என்றார் சக வடிவமைப்பாளர். வொய்நாப் (YNAB) என்ற பட்ஜெட் செயலியில் ரொக்கச் செலவு மீறினால், அடுத்த மாதம் பங்கிடவேண்டிய பணத்திலிருந்து அது கழிவதுபோலச் செய்யலாம் என்றார் புரோகிராமர். இரண்டிலும் பணம் எங்கிருந்து போனது என்பது பயனரின் கண்ணில் படுவதில்லை. எந்தக் கவரிலிருந்து எடுப்பது என்று அந்த நேரத்திலேயே கேட்போம், எடுத்த கவரில் துண்டுத்தாளை வைப்போம், திருப்பத் தேவையில்லை என்றால் பயனரே அதைக் கிழிக்கட்டும் என்றேன். கவர்களின் கூட்டுத்தொகை கையிருப்பைத் தாண்டும்போது மட்டுமே சிவப்பு நிறம் வரும்.

16 ஜூன்

நாள் முழுவதும் பைசாவோடு போராட்டம். ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஃபீஸை 12 ஆகப் பிரித்தால் மாதம் 3,333.33; கூட்டிப் பார்த்தால் 4 பைசா குறைகிறது. எல்லாத் தொகையையும் பைசாவில், முழு எண்ணாகவே சேமித்து, முதல் நான்கு மாதங்களுக்கு ஒரு பைசா கூட்டிவிட்டோம்.

21 ஜூன்

மாதிரித் திரையுடன் மீண்டும் தையல் கடைக்குப் போனேன். ஃபீஸிலிருந்து கேஸுக்கு 300 ரூபாயை அந்த அம்மா யாரும் சொல்லித்தராமலேயே நகர்த்தினார். மூலையில் தோன்றிய துண்டுத்தாளைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை என் பொண்ணும் பார்ப்பாளா?" என்று கேட்டார். மகளின் படிப்புப் பணத்தில் கைவைத்தது அவளுக்குத் தெரியவேண்டாமாம். குடும்பத்தோடு பகிரும் திரையில் தொகையை மட்டும் காட்டித் தாளை மறைத்தால், மகளின் கண்ணுக்குக் கணக்கு 300 ரூபாய் உதைக்கும். திரும்பி வரும் ரயிலில் இதற்காக மூன்று படங்கள் வரைந்தேன், மூன்றையும் அடித்துவிட்டேன்.