விண்டோஸ் அழியவில்லைங்க
திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மச்சானின் கம்ப்யூட்டரில் கணக்குக்கு விண்டோஸ், பையன் படிப்புக்கு டெபியன் என்ற லினக்ஸ். டெபியன் 12-க்கு மாறியதும், ஆன் செய்தவுடன் எதில் நுழைவது என்று கேட்கும் பூட் மெனுவில் விண்டோஸைக் காணோம். "எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடணுங்க" என்றாராம் பழுது பார்ப்பவர். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்!

விண்டோஸ் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கிறது. அந்த மெனுவைக் காட்டும் புரோகிராம்தான் கிரப். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பாதுகாப்புக் கருதி, மற்ற ஆபரேட்டிங் சிஸ்டங்களைத் தேடும் 'ஓஎஸ் புரோபர்' தானாக ஓடாது. அவ்வளவுதான். 'இடிசி' ஃபோல்டருக்குள் 'டிஃபால்ட்', அதற்குள் 'கிரப்' என்ற ஃபைல். அதில் 'டிஸேபிள் ஓஎஸ் புரோபர்' வரியின் முன்னால் உள்ள ஹேஷ் (#) குறியை எடுங்கள், மதிப்பு 'ஃபால்ஸ்' என்று இருக்கட்டும். அப்புறம் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) 'அப்டேட் கிரப்' கட்டளை. மச்சானுக்கு விண்டோஸ் வரி உடனே வந்துவிட்டது.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் கிரப்பே வரவில்லையா? முதலில் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள்.