பிள்ளையைப் பார்க்கும் முன் பெய்ஜிங்கைப் பார்த்த கதை

சீனாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்த அமெரிக்கக் குடும்பங்களின் ஆல்பத்தைப் புரட்டினால் முதல் சில பக்கங்களில் பெரும்பாலும் குழந்தை இருக்காது. பெருஞ்சுவர் இருக்கும். தியானன்மென் சதுக்கம் இருக்கும். அதற்கு முன்னால் தூக்கம் கெட்ட கண்களோடு ஒரு தம்பதி சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஆல்பமும் அப்படித்தான். நியூ ஜெர்சியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள். 2005 மார்ச்சில் மகளை அழைத்துவரப் போனோம்.

குழந்தை இருந்தது தெற்கே ஹூனான் மாகாணத்தில். பிறகு ஏன் முதலில் பெய்ஜிங்? திங்கட்கிழமைதான் குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு முன் இரவு பகல் மாறிய கிறுகிறுப்பு தெளிய வேண்டும். பிள்ளை வளர்ந்த பிறகு அவள் பிறந்த நாட்டைப் பற்றிச் சொல்ல நமக்கும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தத்தெடுப்பு முகமை சொன்ன காரணங்கள் இவை. நியாயமானவைதான். ஆனால் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "ஏட்டி, பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போனியா, ஊர் சுத்திப் பாக்கப் போனியா?"

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து எழுதிய அறிக்கை, கைரேகை, தத்தெடுக்க முன் அனுமதி கேட்டுக் குடிவரவுத் துறைக்குப் போடும் ஐ-600ஏ விண்ணப்பம், வருமானச் சான்று, மருத்துவச் சான்று. கல்யாணச் சான்றிதழ் உட்பட ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முத்திரை, அதன்மேல் மாநில முத்திரை, அதற்கும் மேல் சீனத் தூதரக முத்திரை. 2004 கோடையில் அந்தக் கோப்புக்கட்டு பெய்ஜிங்கில் உள்ள சீனத் தத்தெடுப்பு மையத்துக்குப் போனது. குளிர்காலத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய குழந்தையின் படம் வந்தது. அந்தக் காலத்தில் அரை வருடத்தைக் கொஞ்சம் தாண்டினால் படம் வந்துவிடும். 2005இல் மட்டும் ஏறத்தாழ 7,900 குழந்தைகள் சீனாவிலிருந்து அமெரிக்கா வந்தார்கள். எந்த ஆண்டிலும் அதற்கு மேல் வந்ததில்லை. எங்களுக்கு ஓரிரு வருடம் கழித்து மனுப் போட்டவர்கள் ஐந்தாறு வருடம் காத்துக் கிடந்தார்கள்.

படத்தோடு வந்தது ஒரு மருத்துவத் தாள். உயரம், எடை, தலைச் சுற்றளவு, எத்தனை பல். எங்கே கண்டெடுக்கப்பட்டாள் என்பதற்கு ஒரே ஒரு வரி. அவள் இருந்த அநாதை இல்லத்தின் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழுத்தில் தொங்கிய பாஸ்போர்ட் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பெய்ஜிங்கில் நான் என்னவெல்லாம் பார்த்தேனோ, அத்தனையையும் அதைத் தொட்டுக்கொண்டே பார்த்தேன்.

தத்தெடுக்க ஒன்றாகப் போன எங்கள் குழுவில் நாங்கள் மட்டும்தான் இந்தியர்கள். அரண்மனை நகரத்தில் கைடு பெண் கொடியைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்க, நாங்கள் பின்னால். 1420இல் கட்டி முடித்தார்கள், 24 பேரரசர்கள் இருந்தார்கள் என்று அவர் ஒப்பித்துக்கொண்டே போனார். நான் காதில் வாங்கியது கடைசிப் பேரரசர் பூ யி கதையை மட்டும்தான். 1908இல் மூன்று வயதுகூட நிறையாத பிள்ளை. கிழட்டுப் பேரரசி செசி கையைக் காட்டிவிட்டாள் என்று வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கூட வந்த ஒரே தெரிந்த முகம் பால் கொடுத்த செவிலி. பட்டம் கட்டும் அன்று சிம்மாசனத்தில் அவன் வீறிட்டு அழ, "இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்" என்று தகப்பன் தேற்றினாராம். வம்சமே முடியப்போவதற்கு அதுதான் சகுனம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அந்த மண்டபத்தின் வாசலில் நின்றபோது எனக்கு வம்சம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவனுக்காவது ஒரு செவிலி இருந்தாள். திங்கட்கிழமை எங்கள் பிள்ளைக்கு அதுகூடக் கிடையாது. கொண்டுவந்து கொடுக்கும் ஆயா, கையெழுத்து முடிந்ததும் போய்விடுவார் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

பெருஞ்சுவரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. பாதாலிங்கில் காற்று முகத்தை அறுத்தது. படிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, முழங்காலுக்கு வேலை. வழியில் ஜேட் தொழிற்சாலை, எனாமல் பூ வேலைத் தொழிற்சாலை. சுற்றுலா என்றால் கடை காட்டாமல் விடமாட்டார்கள். குழுவில் ஒரு பெண், மகளுக்குப் பதினெட்டு வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்று என்று பதினெட்டுப் பரிசுகள் வாங்கினார். இந்த வழக்கம் தத்தெடுத்த குடும்பங்களிடையே பரவலாக இருந்தது. எனக்கு அது ஒட்டவில்லை. பதினாறாவது வயதில் அவளுக்கு எது பிடிக்கும் என்று இப்போதே எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சிறிய பட்டுச் சட்டை வாங்கினேன். அதுவும் அளவு தெரியாமல், கடைக்காரம்மாவின் கைக்கணக்கை நம்பி.

சொர்க்கக் கோயில் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விட்டோம். நான் உண்மையில் ஊரைப் பார்த்தது அங்கேதான். நீல ஓடு வேய்ந்த வட்டக் கோயில் அழகுதான், ஆனால் என் கண் அதில் நிற்கவில்லை. ஒரு கிழவர் நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரி காய்ந்து மறைவதற்குள் நான்காவது வரியில் இருந்தார். தாழ்வாரத்தில் சீட்டாட்டம், பக்கத்தில் கூட்டுப் பாட்டு. எங்களைப் பார்த்ததும் ஒரு தாத்தா பழைய இந்திப் படப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். வார்த்தை தெரியாமல் நாங்கள் விழிக்க, அவர் முழுவதையும் பாடி முடித்துவிட்டுத்தான் விட்டார்.

அங்கே எங்கு பார்த்தாலும் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளும். இல்லத்திலிருந்து வரும் குழந்தை எப்படித் தூங்கும், எதைக் குடிக்கும் என்று நான் படிக்காத கட்டுரை இல்லை. கண்ணால் பார்த்தது அன்றுதான். பஞ்சு வைத்துத் தைத்த உடுப்பு அடுக்கடுக்காக. கை மடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன குழந்தைகள். கால்சட்டையில் அடிப்பக்கம் தையல் இல்லை. டயபர் கிடையாது, ஒரு பாட்டி பேரனைத் தொடையில் சாய்த்துப் பிடித்து மெல்லச் சீட்டி அடிக்க, அவன் மரத்தடியில் வேலையை முடித்தான். இன்னொரு பாட்டி தெர்மாஸிலிருந்து பால் புட்டியில் வெந்நீரை ஊற்றினார். ஆவி பறந்தது. குழந்தைக்குச் சுட்டுவிடாதா என்று நான் பதற, அது சப்புக்கொட்டிக் குடித்தது. "என்னங்க, இதைப் படம் எடுங்க" என்றேன். "கோயிலை விட்டுட்டு ஃபிளாஸ்க்கையா?" என்றார். எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹூனானின் தலைநகர் சாங்ஷா. தெற்கே மழை. தங்கிய ஹோட்டலில் பெய்ஜிங் அளவுக்குக் கணகணப்பு இல்லை. சாப்பாட்டில் மட்டும் சூடு குறையவில்லை. ஹூனான் சமையல் முழுக்க மிளகாய். என் கணவர் புறப்பட்ட நாளிலிருந்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். இரவு பணம் எண்ணினோம். இல்லத்துக்கான கட்டாய நன்கொடை 3,000 டாலர். மடிப்பே இல்லாத புது நூறு டாலர் நோட்டுகளாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்போது டாலருக்கு 8.28 யுவான் என்று மாறாத கணக்கு. மாற்றியபோது 250க்குக் கொஞ்சம் குறைவாக நூறு யுவான் நோட்டுகள், ஒரு செங்கல் கனம். அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தோம்; தூக்கம் எங்கே வர?

திங்கட்கிழமையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், எனக்குத்தான் கோர்வையாக நினைவில்லை. ஒரு கூட்ட அறை, பெயர் கூப்பிட்டார்கள், ஆயா என் கையில் கொடுத்தார். படத்தில் புஸுபுஸுவென்று இருந்தவளின் உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினால் உள்ளே ஒரு பிடிக் குழந்தை. அழுதாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. நான் கலக்கிக் கொடுத்த பாலை நாக்கால் தள்ளினாள். நியூ ஜெர்சியில் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்த வெதுவெதுப்பு, மணிக்கட்டில் விட்டுப் பார்த்த வெதுவெதுப்பு. ராத்திரி எத்தனை மணியோ, தெர்மாஸ் பாட்டி நினைவுக்கு வந்தார். அறையில் இருந்த வெந்நீரை எடுத்து நன்றாகச் சூடாகவே கலந்து, கைடு வாங்கித் தந்திருந்த அரிசி மாவு இரண்டு கரண்டி போட்டு, புட்டி ரப்பரின் துளையைக் கத்தரியால் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்தோம். என் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு கழற்றிய சட்டைகளை எல்லாம் மறுபடி போட்டுவிட்டோம். உடனே கண்ணை மூடினாள்.

மறுநாள் அரசு அலுவலகத்தில் பதிவு. ஏன் தத்தெடுக்கிறீர்கள், கைவிடமாட்டோம் என்று உறுதி தருகிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் கட்டைவிரலும் அவள் பாதமும் சிவப்பு மையில் பதிந்தன. சட்டப்படி அப்போதே எங்கள் மகள். ஆனால் சீனப் பாஸ்போர்ட் வரும்வரை மாகாணத்தை விட்டு நகர முடியாது. மறுபடி காத்திருப்பு, மறுபடி ஊர் சுற்றல். இந்த முறை அவளும் கூட. ஹூனான் அருங்காட்சியகத்தில் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த சீமாட்டியைப் பார்த்தோம். இறந்து 2,100 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தோல் அழுகவில்லை. வயிற்றில் கடைசியாகத் தின்ற முலாம்பழத்தின் விதைகள் இருந்தனவாம். அவளுடைய மெல்லிய பட்டு அங்கி ஒன்றின் எடை 49 கிராம். எங்கள் மகளின் அடுக்குச் சட்டைகளில் ஒன்றின் கைகூட அதைவிடக் கனம். தெருவில் இறங்கினால் பாட்டிகள் வழிமறித்து, அவள் பிடரியைத் தொட்டுப் பார்த்து, கணுக்கால் மூடும்படி கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். குளிரில் பிள்ளையை இப்படியா கொண்டு வருவது என்றுதான் திட்டியிருப்பார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அம்மா பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது.

கடைசிக் கட்டம் குவாங்ஜோ. அமெரிக்கத் தத்து விசா அப்போது அங்கு மட்டும்தான் கொடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனை, தூதரக அதிகாரி முன் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி. ஷாமியான் தீவில் வெள்ளை அன்ன ஹோட்டலின் சிவப்பு சோபாவில் குழுவின் குழந்தைகளை எல்லாம் வரிசையாக உட்கார்த்திப் படம் எடுப்பது அப்போது ஒரு சடங்கு. எங்கள் படத்தில் ஒருத்தி சரிந்திருக்கிறாள், இருவர் அழுகிறார்கள், எங்கள் மகள் பக்கத்துக் குழந்தையின் பிஸ்கட்டைப் பிடுங்குகிறாள். பட்டுச் சட்டை அவளுக்கு இரண்டு மடங்கு பெரிது. 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டப்படி, விமானம் இறங்கிக் குடிவரவு முத்திரை விழுந்ததும் அவள் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டாள்.

அந்த ஆண்டு இறுதியில் ஹூனானின் ஹெங்யாங் பகுதியில் குழந்தைகளை விலைக்கு வாங்கி இல்லங்களுக்கு விற்ற கும்பல் பிடிபட்ட செய்தி வந்தது. 2006 தொடக்கத்தில் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. எங்கள் மகள் இருந்த இல்லத்தின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் எங்கே கண்டெடுக்கப்பட்டாள் என்ற அந்த ஒரு வரியை அதன் பிறகு முன்போல் நம்பி வாசிக்க எனக்கு முடியவில்லை. அவளுக்கு விவரம் தெரிந்த வயதில் இதையும் மறைக்காமல் சொன்னோம். அமெரிக்காவுக்கு மட்டும் 82,000க்கு மேல் குழந்தைகளை அனுப்பிய பிறகு, 2024 செப்டம்பரில் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவிட்டது. நெருங்கிய உறவினருக்கு மட்டும் விலக்கு. குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோவிட் காலத்திலிருந்து காத்திருந்த குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் சீனா போக வேண்டும் என்கிறாள். பெய்ஜிங் தேவையில்லையாம், நேராகச் சாங்ஷாவுக்கு டிக்கெட் போட்டால் போதுமாம்.