மிஸ்டரி ஷாப்பிங்: ஆளுக்கொரு விதி சொல்லும் ரிவியூவர்களைச் சமாளிப்பது

சாதாரண வாடிக்கையாளர்போலக் கடைக்குப் போய், அங்கே பார்த்ததை அறிக்கையாக எழுதித் தருவதுதான் மிஸ்டரி ஷாப்பிங். ஒரே பிராண்டு, ஒரே கேள்வித்தாள். போன முறை பத்துக்குப் பத்து வாங்கிய அதே பாணியில் இந்த முறையும் எழுதினால், "விவரம் போதாது" என்று அறிக்கை திரும்பி வருகிறது. விவரத்தைக் கூட்டினால், "கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்" என்று, அறிக்கையைச் சரிபார்க்கும் வேறொரு ரிவியூவர் குறிப்புப் போடுகிறார். மிஸ்டரி ஷாப்பிங்கில் கொஞ்ச காலம் இருந்த எவரும் இதில் மாட்டியிருப்பார்கள். வெறுத்துப்போய் வேலையையே விடுகிறவர்களும் உண்டு. விட வேண்டியதில்லை. ஒவ்வொரு ரிவியூவரின் விருப்பத்தையும் ஊகித்து எழுதுவதை நிறுத்திவிட்டு, யார் கையில் விழுந்தாலும் நிற்கும்படி அறிக்கையை எழுதப் பழகினால் போதும்.

ரிவியூவர்களில் பலரும் நம்மைப் போலவே வீட்டிலிருந்து, அறிக்கைக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். ஒரே புராஜெக்ட்டைப் பல பேர் பிரித்துக்கொள்கிறார்கள். ஏதோ ஓர் அறிக்கையைப் பார்த்துவிட்டு பிராண்டு நிறுவனம், "எங்கள் ஊழியர் வணக்கம் சொல்லவில்லை என்றால் வேறு என்னதான் செய்தார்?" என்று கேட்டிருக்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த ரிவியூவர் அன்றிலிருந்து எல்லாரிடமும் அதையே கேட்பார். மற்ற ரிவியூவர்களுக்கு அந்த விஷயமே எட்டியிருக்காது. இன்னொரு காரணம், கைட்லைன் (அந்த வேலைக்கான விதிமுறைகள்) நடுவில் திருத்தப்படுவது. உங்களிடம் பழையது இருக்கலாம், ரிவியூவரிடமும் பழையது இருக்கலாம். அதனால் வேலையை ஒப்புக்கொண்ட அன்றே கைட்லைனையும் கேள்வித்தாளையும் இறக்கி, கோப்பின் பெயரில் தேதி போட்டு வையுங்கள். அறிக்கையை அனுப்பிய பிறகு சில போர்ட்டல்களில் (அறிக்கையை ஏற்றும் இணையதளங்களில்) அவற்றைத் திறக்க முடியாது. அப்போது வாதாட நினைவு ஒன்றுதான் மிஞ்சும், அது செல்லாது.

திரும்பி வரும் கேள்விகளில் அதிகம் நேரக் கணக்கைப் பற்றியவை. "காத்திருந்த நேரம்" என்றால் வரிசையில் நின்றதிலிருந்தா, ஆர்டர் சொன்னதிலிருந்தா, பணம் கட்டியதிலிருந்தா? கைட்லைனில் இருந்தாலும், வேறு புராஜெக்ட்டில் பழகிய கணக்கிலேயே பார்க்கும் ரிவியூவர்கள் இருக்கிறார்கள். கட்டத்தில் கைட்லைன் சொல்லும் எண்ணைப் போடுங்கள். கமெண்டில் முழு வரிசையையும் கொடுங்கள்: "12:41:10 வரிசையில் நின்றேன். 12:44:35 ஆர்டர் எடுத்தார். 12:45:50 பணம் கட்டினேன். 12:52:20 உணவு வந்தது." இப்போது ஆர்டரிலிருந்து 7 நிமிடம் 45 நொடி, வரிசையிலிருந்து 11 நிமிடம் 10 நொடி என்று யார் எப்படிக் கணக்கிட்டாலும் விடை அங்கேயே இருக்கிறது.

பில் மெஷினின் கடிகாரத்தை நம்பக் கூடாது. போன் நேரத்துக்கும் அதற்கும் சில நிமிடங்கள் வித்தியாசம் இருப்பது சகஜம். பில்லில் 12:49, அறிக்கையில் 12:45 என்று பார்த்ததும் சந்தேகம் கிளம்பிவிடும். கேட்பதற்கு முன்பே, "பில் மெஷின் என் போனைவிட 4 நிமிடம் கூடுதலாகக் காட்டுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை முடிந்தது. பில் அச்சாகும் தெர்மல் பேப்பர் வெயிலில் வண்டிக்குள் கிடந்தால் கறுத்துப்போகும், பர்ஸில் மடித்து வைத்தால் எழுத்து மங்கும். கடையை விட்டு வெளியே வந்ததும் நான்கு மூலையும் தெரிய பில்லைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையோடு, நடந்ததை வரிசையாகச் சொல்லி ஒரு வாய்ஸ் நோட்டும் பதிந்துகொள்வது நல்லது. மறுநாள் கேள்வி வரும்போது, ஊழியர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தர அது ஒன்றுதான் உதவும்.

ஊழியர் பெயர் இன்னொரு தொல்லை. கமெண்டில் பெயர் வேண்டும் என்பார் ஒருவர், கூடவே கூடாது என்பார் மற்றவர். பெயரையும் அடையாளங்களையும் (பாலினம், ஏறக்குறைய வயது, உயரம், தலைமுடி, கண்ணாடி) அவற்றுக்கான கட்டத்தில் மட்டும் போடுங்கள். கமெண்டில் "கவுன்டர் ஊழியர்", "சாப்பாடு கொண்டுவந்த ஊழியர்" என்றே எழுதுங்கள். இதற்கு மறுப்பு வருவது அபூர்வம். "இல்லை" என்று டிக் அடித்த ஒவ்வொரு கேள்விக்கும், அதற்குப் பதிலாக என்ன நடந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும். "சிரிக்கவில்லை" போதாது. "திரையைப் பார்த்தபடியே 'சொல்லுங்க' என்றார்" என்றால் போதும். சுமார், மோசம், அருமை போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைக் கூட்டி வரும்.

இவ்வளவு செய்தும் குறிப்பு வரும். வந்ததும் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். மொழிநடை பற்றியது என்றால் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்துவிடுங்கள், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. கைட்லைனைப் பற்றியது என்றால் பக்க எண்ணோடு கேளுங்கள்: "பக்கம் 6-ல் காத்திருப்பு நேரம் ஆர்டரிலிருந்து என்று உள்ளது. புதிய பதிப்பு வந்திருந்தால் அனுப்புங்கள், அதன்படி திருத்தித் தருகிறேன்." அவ்வளவுதான். முந்தைய ரிவியூவர் இதை ஏற்றுக்கொண்டார் என்று எழுதவே வேண்டாம். அது இப்போதைய ரிவியூவரைத் தற்காப்புக்குத் தள்ளும், மதிப்பெண்ணும் உயராது.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது: பார்த்த விஷயத்தையே மாற்றச் சொல்லும் குறிப்பு. "கழிப்பறை சுத்தம் என்று போட்டிருக்கிறீர்கள், டிஷ்யூ இல்லை என்கிறீர்கள், ஒன்றை மாற்றவும்." மாற்றக் கூடாது. தரை, வாஷ்பேசின் சுத்தம், டிஷ்யூ பெட்டி காலி, இரண்டுமே உண்மை என்று விளக்க வேண்டும். நினைவில்லாததைக் கேட்டால் "கவனிக்கவில்லை" என்றே எழுதுங்கள். மதிப்பெண் ஒன்றிரண்டு குறையலாம். ஆனால் நம் அறிக்கையை வைத்து அந்தக் கடை ஊழியரின் ஊக்கத்தொகையோ வேலையோ தீர்மானிக்கப்படலாம். யாருடைய வசதிக்காகவும் அதில் கற்பனையைச் சேர்க்க நமக்கு உரிமையில்லை.

பதில்கள் எல்லாம் போர்ட்டலின் அந்த அறிக்கைக்குள்ளேயே போகட்டும். வாட்ஸ்அப்பில் ஷெட்யூலரிடம் (நமக்கு வேலையை ஒதுக்குபவரிடம்) சொன்னது ரிவியூவரின் கண்ணில் படாது. கெடு பெரும்பாலும் 12 அல்லது 24 மணி நேரம்தான். அது தாண்டினால் நீங்கள் சொன்னது நியாயமாக இருந்தாலும் அறிக்கை ரத்தாகலாம்.

இதோடு ஒரு எக்செல் தாள் வைத்துக்கொள்ளுங்கள்: புராஜெக்ட், தேதி, ரிவியூவரின் பெயர் அல்லது எண், கேட்டது என்ன, கொடுத்தது என்ன, மதிப்பெண், பதில் எழுதப் போன நிமிடங்கள். சில அறிக்கைகளிலேயே யார் எதைக் கேட்பார் என்பது தெரிந்துவிடும். ஒரே விஷயத்தில் இரண்டு ரிவியூவர்கள் எதிரெதிராகச் சொன்னால், இரு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அடுத்த விசிட்டுக்கு முன்னால் ஷெட்யூலருக்கு அனுப்பி, எதைப் பின்பற்றுவது என்று எழுத்தில் வாங்குங்கள். விசிட் முடிந்த பிறகு கேட்டால் அது புகார்போலத் தெரியும்.

சாஸி போன்ற மிஸ்டரி ஷாப்பிங் மென்பொருளில் ஒவ்வொரு அறிக்கைக்கும் பத்துக்கு மதிப்பெண் விழும். அடுத்த வேலை கிடைப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பதால், காரணம் சொல்லாமல் குறைத்தால் காரணம் கேட்கலாம். அறிக்கையையே நிராகரித்தால், ஒப்பந்தத்தில் எந்த விதியின்படி என்று ஷெட்யூலரிடமும், பிறகு புராஜெக்ட் மேனேஜரிடமும் கேளுங்கள். நிறுவனம், மிஸ்டரி ஷாப்பிங் துறையின் சங்கமான எம்எஸ்பிஏ-வின் உறுப்பினர் என்றால் அச்சங்கத்தின் நடத்தை விதிகளையும் மேற்கோள் காட்டலாம். கடையையோ பிராண்டையோ மட்டும் நேரடியாகத் தொடர்புகொள்ளாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் அங்கேயே முறியும், பணமும் வராது.

எக்செலின் கடைசிப் பத்தியில் உள்ள நிமிடங்களை மாதம் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 400 ரூபாய் விசிட்டுக்கு, போய்வரும் நேரத்தைவிடக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரம் அதிகமாகிக்கொண்டே போனால், அந்த புராஜெக்ட்டுக்குக் கட்டணத்தை உயர்த்திக் கேளுங்கள். தர மறுத்தால் அதற்கு மட்டும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுங்கள். அதே நிறுவனத்தின் மற்ற புராஜெக்ட்டுகளை வேறு ரிவியூவர்கள் பார்க்கக்கூடும், அவற்றைத் தொடரலாம்.